கம்பு விழக் கூடாது

மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னைக் கைவிட்டது. நானும் அதைத் தேடவில்லை. ஆனாலும் தோஹா வந்த இரண்டாம் மாதமே வீட்டுக்குப் போன் போட்டு, சூப்பர்வைசர் ஆகிவிட்டதாகச் சொல்லிவிட்டேன். உண்மையில் ஸ்டேடியத்தில் துடைக்கிற, தூக்குகிற வேலை.

இரண்டு வருஷம் கழித்து வெளிநாட்டு வீரர்களெல்லாம் வருகிற போட்டி நடந்தது. என்னை உயரம் தாண்டும் இடத்தில் போட்டார்கள். யாராவது தட்டிவிட்டால் விழுந்த கம்பை எடுத்துத் திரும்ப மேலே வைக்க வேண்டும். விடியற்காலையிலிருந்து மெத்தை சுமந்து, சாயங்காலம் போட்டி தொடங்கும்போது நானே மெத்தையில் விழுகிற நிலையில் இருந்தேன்.

வாய் சும்மா இருந்ததா? "டிவில காட்டுவாங்க, அங்க எல்லாம் நம்ம கண்ட்ரோல்தான்" என்று முந்தின வெள்ளிக்கிழமை போனில் அளந்திருந்தேன். இப்போது மச்சான் வீட்டு டிவி முன்னால் என் பெண்டாட்டி, மாமனார், பாதித் தெரு.

பத்துப் பேர் தாண்டுகிறார்கள், கேமரா எங்கே நம்மைப் பார்க்கப் போகிறது என்று தைரியமாக இருந்தேன். அது ஒரு ஜெர்மன்காரியை விட்டு நகரவே இல்லை. அவள் கையைத் தூக்கித் தட்டினால் ஸ்டேடியமே சேர்ந்து தட்டியது. கூட நின்ற மலையாளி கேட்டார்:

"எடோ, இவளை அறியில்லே? அவ நாட்டுல சோப்பு விளம்பரத்துலகூட இவதான். கால் ஒடிஞ்சு ரெண்டு வருஷம் கெடந்தா. முடிஞ்சு போச்சுன்னு பேப்பர்ல எழுதிட்டான். திரும்ப வந்துட்டா பாரு."

"அதெல்லாம் இருக்கட்டும் சேட்டா. கம்பைத் தட்டுவாளா?"

"தட்டாதுன்னு தோணுது."

"அப்ப பொழச்சேன்."

அவளுக்காக அன்றைக்கு என்னளவு வேண்டிக்கொண்டவன் யாருமில்லை. மூன்று உயரம் பட்டும் படாமல் தாண்டினாள். நான் உட்கார்ந்த இடத்தில் கைதட்டினேன். கம்பை இன்னும் ஏற்றினார்கள். குதிகால் உரசி விழுந்தது. தொப்பியை மூக்குவரை இழுத்துக்கொண்டு, வாத்து மாதிரி போய் எடுத்து வைத்தேன். இரண்டாம் தடவையும் விழுந்தது. மூன்று தட்டினால் அவ்வளவுதான், ஆட்டம் முடிந்தது. மூன்றாவதும் விழுந்தது.

அவள் மெத்தையிலிருந்து எழுந்திருக்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டே கிடந்தாள். அவள் இறங்காமல் கம்பை வைக்க முடியாது. கையில் பிடித்தபடி பக்கத்திலேயே நின்றேன். முகத்துக்கு எதிரே கேமரா. கடைசியில் எழுந்து, என்னைப் பார்த்து ஏதோ சொல்லிவிட்டு, காலை இழுத்தபடி போனாள். அவ்வளவு அசந்த முகத்தை நாங்கள் தங்கும் லேபர் கேம்ப்பில்தான் பார்த்திருக்கிறேன். தொப்பியை இழுக்க மறந்துவிட்டேன்.

மறுநாள் போன் பூத்திலிருந்து பெண்டாட்டியிடம் பேசினேன்.

"பாத்தியா?"

"பாத்தோம். எங்கப்பாதான் மொதல்ல கண்டுபுடிச்சாரு."

"அது... ஆளு பத்தல, அதான் நானே எறங்கி..."

"போதும். சூப்பர்வைசர்னு சொன்னப்பவே தெரியும். உங்களுக்கு ஒரு கடுதாசி எழுதவே ரெண்டு ஆளு வேணும்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

"மூணு தடவையும் முழங்காலப் புடிச்சிக்கிட்டுத்தான் எந்திரிச்சீங்க. எத்தன நாளா வலி?"

"நேத்துதான்."

"இதுலயும் பொய்யா?"

பின்னால் வரிசையில் நின்றவன், "யல்லா பாய், ஜல்தி" என்று கண்ணாடியைத் தட்டினான். நான் அவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பிக்கொண்டேன்.

"ஒரு வருசமா" என்றேன்.