தண்ணீர் மில்லுக்கு ஈர அரிசி

தலைநகரில், துவாரகா பகுதியில் எங்கள் அபார்ட்மெண்ட் சொசைட்டி வாசலில் மாவு சக்கி வைத்திருப்பவர் அரிசியைத் தொடவே மாட்டார். கோதுமை அரைக்கும் கல்லில் அரிசி போட்டால் அடுத்தவர் மாவு கெட்டுப்போகுமாம். எத்தனையோ தடவை 'பையா, பையா' என்று இந்தியில் அண்ணன் முறை சொல்லிக் கெஞ்சிப் பார்த்துவிட்டேன். மனுஷன் மசியவில்லை. அதனால் எங்கள் வீட்டு இடியாப்பம் எப்போதும் பாக்கெட் மாவில்தான். என் கணவருக்கு அது தொண்டையில் இறங்காது.

அவர் ராணுவத்தில் இருக்கிறார். போன வருடம் டேராடூனுக்கு மேலே ஒரு மலையில் போஸ்டிங். குடும்பத்துக்கு அங்கே குவார்ட்டர்ஸ் கிடையாது. போனில் "சாப்டியா" என்பதற்கு மேல் அவருக்குப் பேச்சு வராது. வந்தாலும் சிக்னல் விடாது. அப்படிப்பட்டவர் ஒருநாள் தானாகவே, அடிவாரத்தில் ஓடைத் தண்ணீரில் சுற்றும் பழைய மாவு மில் ஒன்று இருக்கிறது, அரிசியும் அரைப்பார்கள், வா போகலாம் என்றார். ஒரே ஒரு நாள் லீவு கிடைத்திருந்தது.

மில் யாருக்கு வேண்டும்? எனக்கு அவரைப் பார்க்க வேண்டும். ஆனாலும் அரிசியை ஊறவைத்து, வடித்து, அவருடைய பழைய வேட்டியில் முடிந்துகொண்டு ராத்திரி பஸ் ஏறினேன். விடிகாலையில் அவர் பஸ் ஸ்டாண்டில் நின்றிருந்தார்.

மில் என்றால் பிரமாதமாக ஒன்றுமில்லை. ஓடையை ஒட்டி ஒரு கல் அறை. தண்ணீர் மரத்தொட்டி வழியாகச் சரிந்து விழுந்து அடியில் சக்கரத்தைத் தள்ள, மேலே கல் முனகிக்கொண்டே சுற்றியது. நடத்துகிற அம்மாள் மூட்டைக்குள் கைவிட்டுப் பார்த்துச் சிரித்துவிட்டாள். ஈரத்தோடு போட்டால் கல்லில் அப்பிக்கொள்ளும், காயவைத்துக் கொண்டு வா என்றாள் இந்தியில். நம் ஊர் மில்லில் ஈர அரிசியைத்தானே கொடுப்போம்? எல்லா மில்லும் அப்படித்தான் என்று நினைத்த என் புத்தியை என்ன சொல்ல.

வேட்டியைப் பாறையில் விரித்து அரிசியைப் பரப்பினோம். எனக்கு எரிச்சல் தாங்கவில்லை. சாயங்காலம் அவர் யூனிட்டில் இருந்தாக வேண்டும். இருக்கிற ஒரு பகலும் குருவி விரட்டியே போய்விடும் போலிருந்தது.

குருவி விரட்டத்தான் செய்தோம். நடுவில் அவர் பேச ஆரம்பித்தார். 'தயிர் வாங்கிட்டு வாங்கன்னு சொன்னேனே, காதுல விழலையா' என்று எப்போதோ நான் திட்டி அனுப்பிய வாய்ஸ் மெசேஜை இன்னும் அழிக்காமல் வைத்திருக்கிறாராம். தூங்குவதற்கு முன் அதைப் போட்டுக் கேட்பாராம். திட்டு வாங்காமல் தூக்கம் வராதா என்று கேலி செய்தேன்.

தோள் உரசத்தான் உட்கார்ந்திருந்தார். அப்போதும் எனக்கு அவர் வேண்டும், வேண்டும் என்றே இருந்தது. இதை எழுதும்போதும் அப்படித்தான் இருக்கிறது.

வெயில் வேறு அன்றைக்கென்று சுள்ளென்று அடித்தது. ஒரு மேகமாவது வரக்கூடாதா என்று சாமியை வேண்டிக்கொண்டேன். வரவில்லை.

அந்த அம்மாள் வெளியே எட்டிப் பார்த்து, இந்நேரம் காய்ந்திருக்குமே, கொண்டு வாருங்கள் என்றாள். அவர் ஒரு பிடி அள்ளினார். அரிசி சலசலவென்று விரலிடுக்கில் உதிர்ந்தது. என் பக்கம் திரும்பினார்.

"இன்னும் ஈரம் இருக்கு."

நானும் ஒரு பிடி அள்ளிப் பார்த்தேன்.

"ஆமாங்க, ஈரம்தான்," என்றேன்.