ஒரு கம்ப்யூட்டரும் என் திடீர் பக்தியும்

எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டருக்கு நான்தான் டாக்டர். பட்டத்தை யாரும் கொடுக்கவில்லை, நானே எடுத்துக்கொண்டேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு தொழிற்சாலையில் இயந்திரப் பராமரிப்புப் பிரிவில் வேலை எனக்கு. லேத்தையே பிரித்துக் கோத்தவனுக்கு இந்தத் தகர டப்பா எம்மாத்திரம் என்பது என் கட்சி. சின்னக் கோளாறுக்கெல்லாம் மெக்கானிக்கைத் தேடி ஓடுகிறவர்களைக் கண்டால் இளக்காரமாக இருக்கும். ஒழுங்காகத் தூசி தட்டினாலே பாதி வியாதி போய்விடுமே, எதற்குத் தண்டம் அழுகிறார்கள்?

வீட்டில் சட்டங்கள் போட்டிருந்தேன். கம்ப்யூட்டர் பக்கத்தில் காபி கூடாது. முறுக்கு கூடவே கூடாது, துணுக்கு விழுந்தால் எறும்பு குடித்தனம் வந்துவிடும். சுவிட்சைப் பட்டென்று அணைக்கக் கூடாது. ஓடும்போது மேலே துணி போர்த்தக் கூடாது. வருடத்துக்கு ஒருமுறை, ஆயுத பூஜை காலையில், மூடியைத் திறந்து பெயின்ட் பிரஷ்ஷால் விசிறியைச் சுத்தம் செய்வேன். பிறகு ரேம் என்கிற சின்னப் பட்டையைக் கழற்றி, அதன் பொன்னிறப் பற்களைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்த்து மாட்டுவேன். இந்தக் கடைசி வித்தையைப் பூந்தமல்லியில் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் பாய் ஒருவரிடம் பார்த்துத் திருடினேன். ரப்பரால் தேய்த்ததற்கு அவர் காசு வாங்கியதை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

சுத்தம் செய்வதோடு என் கடமை முடிந்தது. சந்தனம், குங்குமம் எல்லாம் மனைவியின் இலாகா. "இரும்புக்கு எதுக்கும்மா அலங்காரம்?" என்று வருஷா வருஷம் கிண்டல் செய்வேன். அவளும் வருஷா வருஷம் காதில் போட்டுக்கொள்ள மாட்டாள்.

போன ஆயுத பூஜைக்கு மட்டும் விஷயம் கொஞ்சம் பெரியது. ஆவடியில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்த மனைவி, வேலையை விட்டுவிட்டு, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு வீட்டிலிருந்தே தமிழ் சொல்லித்தர முடிவு செய்திருந்தாள். ஆஸ்திரேலியாவிலிருந்து ஐந்து பிள்ளைகள் கிடைத்தார்கள். மறுநாள் விஜயதசமி, காலை ஆறரைக்கு முதல் வகுப்பு. அது பிடித்திருந்தால்தான் மேலே சேர்ப்போம் என்று பெற்றோர் சொல்லியிருந்தார்கள். எழுத்துக்கு ஒரு படமாக ஒரு மாதம் உட்கார்ந்து வரைந்து அத்தனையையும் கம்ப்யூட்டரில்தான் வைத்திருந்தாள்.

அன்று காலை வழக்கம்போல் பிரித்தேன், தேய்த்தேன், மாட்டினேன், சுவிட்சைப் போட்டேன். திரை இருட்டாகவே இருந்தது. பீப், பீப், பீப் என்று மூன்று முறை கத்திவிட்டு டப்பா அடங்கியது. கழற்றி மறுபடி மாட்டினேன். மறுபடி மூன்று பீப். அந்த நேரம் பார்த்து மனைவி சந்தனக் கிண்ணத்தோடு வந்து நின்றாள்.

"பூஜை முடிஞ்சதும் ஒரு தடவ போட்டுப் பாத்துடுறேன். நாளைக்கு அவசரத்துல எதுவும் ஆயிடக் கூடாது."

உண்மையைச் சொல்ல வாயைத் திறந்தேன். வேறு ஏதோ வந்தது.

"பூஜையில வெச்சதைத் தொடலாமா? நாளைக்கு மறுபூஜை பண்ணாம யாரும் கை வைக்கக் கூடாது. சரஸ்வதி உக்காந்திருக்கிற இடம்!"

அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இன்னா ஆச்சு உங்களுக்கு? உடம்பு கிடம்பு சரியில்லையா?"

"வயசாவுதில்ல. ஒரு பயம் வருது."

பயம் வந்தது நிஜம்தான். சாமியிடம் இல்லை. டப்பாவுக்கு மூன்று பொட்டு, சாமந்திச் சரம், பக்கத்தில் புத்தகங்கள், என் ஸ்க்ரூடிரைவர் எல்லாம் வைத்துக் கற்பூரம் காட்டினாள். நான் கன்னத்தில் போட்டுக்கொண்டேன், கொஞ்சம் பலமாகவே.

பொரி வாங்கி வருகிறேன் என்று வண்டியை எடுத்தேன். பொரி தெருமுனையிலேயே கிடைக்கும். நான் போனது பூந்தமல்லிக்கு. வழியெல்லாம் வாழைக்கன்று கட்டிய லாரிகள், நடுரோட்டில் உடைத்த பூசணிக்காய். இரண்டு இடத்தில் வழுக்கப் பார்த்தது. பாய் பாதி இறக்கிய ஷட்டருக்கு வெளியே நாற்காலி போட்டுப் பொரி தின்றுகொண்டிருந்தார்.

"பாய், கம்ப்யூட்டர் பீப் பீப்புன்னு கத்துது, ஒரே நிமிஷ வேலை. வீட்டுக்கு வந்துட்டுப் போங்க."

"இன்னா சார், நாள் பாத்து வந்துகிறியே! ஸ்க்ரூடிரைவரு, மீட்டரு எல்லாம் உள்ள பொட்டு வெச்சுகினு உக்காந்துகினு கீது. நம்ம கடை ஆளுங்க பூஜை போட்டுட்டுப் போயிட்டாங்க. நான் தொட்டேன்னு வெய்யி, நாளைக்கு ஒருத்தனும் வேலைக்கு வர மாட்டான்."

"நீங்க தொழுகைக்குப் போறவரு. உங்களுக்கு இன்னா பாய் இதெல்லாம்?"

"தொழுகை வேற, தொழில் வேற சார். வருசம் பூரா சோறு போடுது, ஒரு நாள் லீவு உட்டா இன்னா? நாளைக்கு ஒம்போது மணிக்கு வரேன்."

ஒன்பது மணிக்கு வந்து யாருக்கு என்ன பயன்? என் முகத்தைப் பார்த்து அவருக்கே பாவமாக இருந்திருக்க வேண்டும். "எத்தினி தபா கத்துது?" என்றார்.

"மூணு."

"ரேம் செரியா உக்காரல. ரப்பர் போட்டுத் தேச்சியா?"

நான் பொரியைப் பார்த்தேன். அவர் சிரித்த சிரிப்பில் எதிர்க்கடைக்காரர் எட்டிப் பார்த்தார். "ரெண்டு பக்கமும் டக்குனு சத்தம் வர்ற வரிக்கும் அமுக்கணும் சார். பயந்துகினே மாட்டுனா உக்காராது."

சாயங்காலம் மனைவி பக்கத்து வீட்டுக் கொலுவுக்குக் கிளம்பும்வரை காத்திருந்தேன். அவள் தலை மறைந்ததும் டப்பா முன்னால் உட்கார்ந்து, சாமந்திச் சரத்தை விலக்கி, பொட்டு கலையாமல் மூடியைக் கழற்றத் தொடங்கினேன். பாதி நகர்ந்திருக்கும், கேட் சத்தம் கேட்டது. சுண்டலுக்குப் பை எடுக்க மறந்துவிட்டாளாம். மூடியை அவசரமாகப் பழையபடி தள்ளி மூடிவிட்டு, சம்மணம் போட்டுக் கண்ணை மூடிக் கைகூப்பிவிட்டேன்.

காலடிச் சத்தம் என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றது. பிறகு க்ளிக் என்று ஒரு ஓசை.

"கண்ணத் தொறக்காதீங்க, இன்னொண்ணு எடுத்துக்கிறேன். அம்மாவுக்கு அனுப்பணும், சொன்னா நம்ப மாட்டாங்க."

படம் அனுப்பிவிட்டு என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். கொலுவுக்கு அப்புறம் போகவே இல்லை. "உங்களுக்கே பக்தி வந்துடுச்சு. இனிமே எனக்கு ஒரு பயமும் இல்ல. அஞ்சு புள்ளைங்களும் நிலைச்சிடும்" என்றாள். அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. எனக்கு வெட்கமாக இருந்தது, ஆனால் வெட்கத்தைவிடக் கோழைத்தனம் பெரியதாக இருந்தது. ராத்திரி அவள் டப்பாவுக்குப் பக்கத்திலேயே ஜமக்காளம் விரித்துப் படுத்துவிட்டாள்.

விஜயதசமியன்று விடிவதற்கு முன்பே குளித்து, மறுபூஜை செய்து, சம்பிரதாயப்படி புத்தகங்களை வடக்கே நகர்த்திவிட்டு அவள் சுவிட்சைப் போட்டாள். பீப், பீப், பீப். என்னைப் பார்த்தாள். இன்னொரு முறை போட்டாள். பிறகு நான் எல்லாவற்றையும் சொன்னேன், பூந்தமல்லிவரை. மணி ஆறு பத்து. மூடியைப் பிடுங்கி ரேமை அமுக்கினேன். பயந்துகொண்டே அமுக்கியதில் அது உட்காரவில்லை.

"நகருங்க" என்றாள். கண் கலங்கியிருந்தது. "தொடக் கூடாதுன்னு சொன்னீங்களே, அது சாமிக்காகவா? உங்க கவுரவத்துக்கு! நேத்தே சொல்லியிருந்தா யார் ஊட்லயாவது ஒரு லேப்டாப் கேட்டு வாங்கி, நாலு படமாவது திரும்ப வரைஞ்சிருப்பேனே. ஒரு மாசம் வரைஞ்சேங்க நானு."

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு அடுக்களைக்குப் போனாள். தாம்பாளத்தில் பச்சரிசியைப் பரப்பிக்கொண்டு வந்து தரையில் வைத்தாள். தன் செல்போனை என் கையில் திணித்தாள்.

"தட்டுக்கு மேல நேரா புடிங்க. ஆடக் கூடாது."

செல்போனிலேயே வகுப்பு தொடங்கியது. ஆளுக்கொரு தட்டு அரிசி அம்மாவிடம் கேட்டு வாங்கி வரச் சொன்னாள். அந்த ஊர் அடுக்களைகளில் டப்பாக்கள் உருளும் சத்தம் கேட்டது. ஒரு பிள்ளை அரிசியைக் கீபோர்டின் மேலேயே கொட்டிக்கொண்டது. நான் உதட்டைக் கடித்துக்கொண்டேன். அவள் விரல் அரிசியில் மெதுவாக அ போட்டது. அங்கே ஐந்து பிள்ளைகளின் விரல்களும் போட்டன. ஒருத்தியுடைய அ அப்பளம் போல் இருந்தது, அதற்கும் கைதட்டல் கிடைத்தது. ஒரு அம்மா, எங்கள் வீட்டிலும் எனக்கு இப்படித்தான் எழுதவைத்தார்கள் என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அரை மணி ஆனதும் எனக்குத் தோள் கடுக்க ஆரம்பித்தது. கை லேசாக நடுங்கியது.

"மிஸ், ஏன் ஆடுது?" என்று ஒரு வாண்டு கேட்டது.

அரிசியிலிருந்து கண்ணை எடுக்காமலே அவள் சொன்னாள்: "ஸ்டாண்டு பழசுடா கண்ணு. வாங்கி இருபத்திரண்டு வருஷம் ஆச்சு. அப்பப்ப இப்படித்தான் மக்கர் பண்ணும். தூக்கிப் போட மனசு வரல."

இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அவள் அரிசியைச் சமன் செய்துவிட்டு ஆ எழுதத் தொடங்கினாள்.