வாலில் போட்டது நெஞ்சில் வந்து நிற்கும்

கவுஸ் பாஷா இருமினான். இருமியதும் கைக்குட்டையை வெயிலில் விரித்துப் பார்த்தான். வெறும் எச்சில்தான், கரும்புள்ளி ஒன்றும் இல்லை. இருந்தும் மடித்ததை மறுபடி விரித்து ஒரு தடவை பார்த்தான்.

திருவண்ணாமலையில் பிறந்து, சந்தையில் மாட்டுத் தரகு பார்த்த தகப்பனாரின் நிழலில் வளர்ந்தவன் அவன். எப்பேர்ப்பட்ட முரட்டு மிருகமும் அவன் கைபட்டால் அடங்கிவிடும். அதைச் சொல்லித்தான் உறவுக்காரர் ஒருவர் மெட்ராஸில் ஒரு புற்றுநோய் ஆராய்ச்சிக்கூடத்தில் அவனைச் சேர்த்துவிட்டார். எலிகளுக்குத் தீனி வைக்க வேண்டும், கூண்டில் மரத்தூள் மாற்ற வேண்டும், ஊசி போடும்போது எலியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். சேர்ந்து சில வருஷமாகியும், ஆயிரத்துத் தொள்ளாயிரத்து எண்பத்து நாலிலும் அந்த வேலை நிரந்தரமாகவில்லை.

அங்கே டாக்டரம்மா ஒருவர், கறுப்பு எலியின் வாலில் புற்றுநோய்ச் செல்களை ஊசியால் ஏற்றுவார். சில வாரம் கழித்து நெஞ்சைத் திறந்தால், நுரையீரல் முழுக்கக் கடுகு இறைத்தது போலக் கரும்புள்ளிகள். முதல் தடவை பார்த்த அன்று பாஷாவுக்குச் சோறு இறங்கவில்லை.

"வால்ல போட்டது நெஞ்சுக்கு எப்படிம்மா வருது?" என்று கேட்டான்.

"ரத்தத்தோட போவுது, பாஷா. போற எடத்துல ரத்தக்குழாய்ச் சுவத்துல நாயுருவி மாதிரி ஒட்டிக்கும். அப்புறம் சுவத்தையே அரிச்சு உள்ள பூந்துடும். ஒட்டறதுக்கு ஒரு புரோட்டீன், அரிக்கறதுக்கு ஒரு புரோட்டீன். அதுங்களத் தடுத்துட்டா ஒரு எடத்துக் கட்டி இன்னொரு எடத்துக்குப் பரவாதுன்னு நெனைக்கிறோம். அதைத்தான் தேடறோம்."

அவனுக்குப் புரிந்தது. புரிந்ததுதான் வினையாயிற்று.

லீவில் ஊருக்குக் கிளம்புவதற்குக் கொஞ்ச நாள் முன்பு, கட்டி முற்றிய எலி ஒன்று அவன் விரலைக் கடித்துவிட்டது. அன்று அவன் கையுறை போட்டிருக்கவில்லை. ரத்தம் வந்ததும் சட்டென்று விரலை வாயில் வைத்து உறிஞ்சினான். உறிஞ்சிய பிறகுதான் என்ன செய்தோம் என்று உறைத்தது. கையுறை போடச் சொல்லி டாக்டரம்மா பல தடவை கண்டித்திருக்கிறார். சொன்னால் வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டான். அடுத்த வாரமே இருமல் வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்தவன் தனித் தட்டு, தனித் தம்ளர் என்று ஒதுங்கினான். வாசலில் படுத்தான். இரண்டு வயது மகள் அஜ்மத் கையை நீட்டிக்கொண்டு ஓடி வந்தால், கதவுக்குப் பின்னால் போய் நின்றான். பெற்ற பிள்ளை நெருங்க நெருங்கப் பின்வாங்கும் தகப்பனின் நெஞ்சு என்ன பாடுபட்டிருக்கும்.

அவன் மனைவி மெஹ்ருன்னிசா பொறுத்துப் பார்த்துவிட்டு ஒருநாள் வழிமறித்தாள்.

"ஏங்க, என்னைத்தான் புடிக்கல. கொழந்த என்ன பாவம் பண்ணுச்சு?"

"இருமல் ஜாஸ்தியா இருக்குது."

"ஊர்ல யாரும் இருமலையா? மெட்ராஸ்ல எவளையாவது சேத்துக்கிட்டீங்களா?"

இல்லை என்ற சொல் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. ஆனால் உண்மையைச் சொன்னால் அவள் இன்னும் ஒட்டிக்கொள்வாள். நோயாளியைத் தள்ளி வைக்கிற ஜென்மம் இல்லை அவள். வெறுத்தாலாவது விலகி இருப்பாள், குழந்தை பிழைக்கும்.

"ஆமா" என்றான்.

அவள் அழவில்லை. "பேரு?" என்று கேட்டாள்.

இதை அவன் எதிர்பார்க்கவில்லை. மெட்ராஸில் அவனுக்குத் தெரிந்த பெண் பெயர் ஒன்றே ஒன்றுதான். "ரேணுகாம்பாள்" என்று உளறிவிட்டான். அது டாக்டரம்மாவின் பெயர். வீட்டில் என்றைக்குமே அவன் அந்தப் பெயரைச் சொன்னதில்லை.

மறுநாள் காலையில் மனைவியையும் காணவில்லை, மகளையும் காணவில்லை. அவசரத்துக்கு என்று அவன் கொடுத்து வைத்திருந்த ஆபீஸ் போன் நம்பரும் இல்லை.

"போஸ்டாபீஸ் போயிருக்கா" என்றாள் பக்கத்து வீட்டு குர்ஷித் பேகம். "மெட்ராசுக்கு ட்ரங்க் கால் போட்டு எவளையோ நாலு கேள்வி கேக்கணுமாம். யாருப்பா அந்த மவராசி?"

தேரடி வீதிக் கூட்டத்தை இடித்துக்கொண்டு ஓடினான். தபாலாபீசில் மெஹ்ருன்னிசா, இடுப்பில் குழந்தையோடு, ரிசீவரில் கத்திக்கொண்டிருந்தாள். ஸ்டாம்பு வாங்க வந்தவர்கள் எல்லோரும் திரும்பி நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"ரேணுகாம்பாள்னா நீதானே? கவுஸ் பாஷா ஒரு கொழந்தைக்கு அப்பன். அவர விட்டுடு."

அவன் ரிசீவரைப் பிடுங்கினான். "அம்மா, நான்தாம்மா."

"பாஷாவா? என்ன பாஷா இதெல்லாம்?"

லைன் இரைந்தது. கத்தினால்தான் காதில் விழும் போலிருந்தது. கத்தினான். "எலி கடிச்சிடுச்சும்மா. கட்டி இருந்த எலி. ரத்தத்த வாயில வச்சி உறிஞ்சிட்டேன். இப்ப இருமுது. கொழந்தைக்கும் வந்துடும்னு பயமா இருக்குதும்மா."

தபாலாபீஸ் முழுவதும் அதைக் கேட்டது. மெஹ்ருன்னிசாவும் கேட்டாள்.

"எலியோட செல் மனுஷன் உடம்புல தங்காது, பாஷா. வேத்தாளுன்னு உன் உடம்பே அதை அழிச்சிடும்."

"வால்ல போட்டது நெஞ்சுல நிக்குதேம்மா."

"அது அந்த எலிங்க வம்சத்துலேர்ந்தே எடுத்த செல். அதனாலதான் நிக்குது. உன் இருமல் வேற. மரத்தூளா கூட இருக்கலாம். இன்னைக்கே பெரியாஸ்பத்திரியில எக்ஸ்ரே எடு. கடிச்ச எடத்தையும் காட்டு. அப்புறம் அந்த கையுறை..."

லைன் அறுந்தது. கையுறையைப் பற்றி என்ன சொல்ல வந்தார், வேலை இருக்கிறதா இல்லையா, ஒன்றும் தெரியவில்லை.

"என்ன சொன்னாங்க?" என்றாள் மெஹ்ருன்னிசா.

"ஒண்ணும் ஆவாதாம்."

"அப்பறம் ஏன் இப்படி வேர்க்குது?"

"படிச்சவங்க சொல்றாங்க, சரியாத்தான் இருக்கும். ஆனா அந்த நுரையீரல நான் கண்ணால பாத்தவன், மெஹ்ரு."

"சொல்றதுக்கு வேற பொய்யே கெடைக்கலையா உங்களுக்கு? இனிமே அந்தம்மா மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

அவள் கண்கள் அப்போதுதான் நிறைந்தன. இடுப்பிலிருந்த குழந்தையைத் தூக்கி அவன்மேல் சாய்த்துவிட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். பிடிக்காவிட்டால் பிள்ளை விழுந்துவிடும். பிடித்தான்.

ஆஸ்பத்திரிக்கு நடந்தார்கள். அவன் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு, இருமல் வந்துவிடாமல் மூச்சை அடக்கிக்கொண்டே வந்தான். ஆஸ்பத்திரி வாசலை நெருங்கும்போது அவன் கழுத்து நரம்பு புடைத்துவிட்டது.

"மூச்ச விடுங்க" என்றாள் மெஹ்ருன்னிசா.

விட்டான். முகம் குழந்தையின் பக்கம் திரும்பியிருந்தது; அதன் நெற்றி முடி பறந்தது.