பந்துப் பையின் பெர்த்

ஓடும் ரயிலில் பொன்னி உட்கார்ந்து யாரும் பார்த்ததில்லை. ஆறு வருடமாக அவளோடு ஊர் ஊராகப் போகும் நானே பார்த்ததில்லை. மதுராவில் இறங்குவாள், ஆக்ராவில் இறங்குவாள், குவாலியரில் வண்டி நிற்பதற்குள் ஒரு கால் படியில் இருக்கும். மற்ற நேரமெல்லாம் பெட்டியின் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் நடை. டிக்கெட் பரிசோதகருக்கே தலை சுற்றும். வீட்டிலும் அதே கதைதான். தில்லி மோதி பாக் குடியிருப்பில் அவள் நின்றுகொண்டே சாப்பிடுவதைப் பார்த்து, "இவளுக்கு நாற்காலி வாங்கினது வேஸ்ட்டுங்க" என்பார் அவள் கணவர் சுரேஷ்குமார்.

பொன்னி எங்கள் கம்பெனியின் பெண்கள் வாலிபால் அணிக்கு மேனேஜர். சென்னிமலைக்காரி. ஒரு காலத்தில் இதே அணியில் ஆடியவள். நான் பிரியதர்ஷினி, அணியின் பிசியோ. ரயிலில் மடக்கி வைத்த முழங்கால்களை ஊர் போய்ச் சேர்ந்ததும் நிமிர்த்திக் கொடுப்பதுதான் என் உத்தியோகம்.

சம்பளம் வாங்கி ஆடுகிற அணிதான். ஆனாலும் அதிகாரிகள் விமானத்தில் பறப்பார்கள், ஆடுகிறவர்கள் ரயிலில் போவார்கள். அதிலும் டிக்கெட் கேட்டு எழுதுகிற கடிதம் மூன்று மேஜை தாண்டுவதற்குள் பாதி இடம் போய்விடும். பதினைந்து பேர் கிளம்பினால் ஒன்பது பேருக்குத்தான் படுக்கை. மீதி ஆறு பேருக்கு ஆர்.ஏ.சி. ஜன்னலோர சீட்டில் இரண்டிரண்டு பேராக எதிரெதிரே, முழங்காலோடு முழங்கால் இடிக்க, விடியும்வரை உட்கார வேண்டும். ஆறடி உயரப் பெண்களைச் சொல்கிறேன். இந்தக் கோபத்தை நான் எத்தனை மெயிலில் எழுதியும் ஒரு பயலும் பதில் போட்டதில்லை.

அதனால் அணிக்குள் ஒரு வழக்கம் வந்துவிட்டது. மறுநாள் களத்தில் இறங்கப்போகும் ஏழு பேருக்கு ஏழு படுக்கை. கோச்சுக்கு ஒன்று, மேனேஜருக்கு ஒன்று. வெளியே உட்காரப்போகும் ஐந்து பெண்களுக்கும் எனக்கும் பாதி பாதி சீட்டு. திரும்பும்போது இது மாறும். போகும்போது உட்கார்ந்தவர்களுக்குத்தான் முதலில் படுக்கை.

கோச் தோமர் யார் ஆடுகிறார்கள் என்று மறுநாள் காலையில்தான் அறிவிப்பார். ஆனால் படுக்கை பிரிப்பதற்காக முதல் நாளே ஒரு துண்டுச் சீட்டில் பெயர்களைப் பொன்னியிடம் கொடுத்துவிடுவார். நிஜாமுதீன் பிளாட்பாரத்தில் நின்றுகொண்டு அவள் எண்களை வாசிப்பாள். வாசித்து முடிக்கும்போது யார் உள்ளே, யார் வெளியே என்று எல்லோருக்கும் தெரிந்துபோகும். அந்த இரண்டு நிமிடம் யாரும் செல்போனைப் பார்க்க மாட்டார்கள்.

மேனேஜரின் படுக்கையில் பொன்னி படுப்பதில்லை என்று சொன்னேன் அல்லவா? அதை வேறு யாருக்கும் கொடுக்கவும் மாட்டாள். பந்துப் பையை அதில் ஏற்றிவிடுவாள். "மகாராணி மாதிரி உன் பை படுத்துண்டு வரது, நான் மடங்கிண்டு வரணுமா?" என்று நான் சண்டையே போட்டிருக்கிறேன்.

"இதை நான் ஒருத்திக்குக் கொடுத்தா, அவ நாளைக்கு நாமதான் ஆடறோமாட்ட இருக்குதுன்னு நினைச்சுக்குவா டாக்டரு. எதுக்கு வம்பு?" என்பாள்.

போன ஜனவரியில் போபாலுக்கு லீக் ஆட்டத்துக்குக் கிளம்பினோம். அபூர்வா எங்கள் செட்டர், பந்தை எடுத்துக் கொடுப்பவள். இருபத்தொன்பது வயது, மயூர் விஹாரில் பிறந்து வளர்ந்தவள். முழங்காலில் அறுவை செய்து ஏழு மாதம் ஆகியிருந்தது. இந்த சீசனில் களத்தில் இறங்காவிட்டால் மார்ச்சில் அவள் கான்ட்ராக்டைப் புதுப்பிக்க மாட்டார்கள். அது அவளுக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். அவள் இடத்தில் ஸ்நேஹா என்ற புதுப் பெண் நன்றாக ஆடிக்கொண்டிருந்தாள்.

தோமர் என்னிடம் கேட்டார். இரண்டு செட் தாங்கும், ஐந்து செட் தாங்காது என்று உண்மையைச் சொன்னேன். சொல்லிவிட்டு அன்று முழுக்க எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சாயங்காலம் வந்த துண்டுச் சீட்டில் ஸ்நேஹாவின் பெயர்தான் இருந்தது.

பிளாட்பாரத்தில் பொன்னி அந்தச் சீட்டை வைத்துக்கொண்டு நடந்தாள், நடந்தாள், தண்ணீர்க் குழாய்வரை போய்த் திரும்பி வந்தாள். பதினைந்து வருடம் முன்னால் இதே பிளாட்பாரத்தில் அவள் பெயரைப் பாதி சீட்டுக்கு வாசித்திருக்கிறார்கள். அதற்குப் பிறகு ஆட்டக்காரியாக அவளுக்கு முழுப் படுக்கை கிடைக்கவே இல்லை, ஆபீசில் ஒரு மேஜைதான் கிடைத்தது. "அன்னைக்குப் போன தூக்கம் டாக்டரு, இன்னும் வல்ல" என்று ஒரு தடவை என்னிடம் சொல்லியிருக்கிறாள்.

வாசிக்க ஆரம்பித்தாள். ஸ்நேஹா, பதினேழு. மற்ற ஆறு பேர். தோமர் சார். பிறகு ஒரு மூச்சு நின்று, "அபூர்வா, முப்பத்திமூணு" என்றாள்.

முப்பத்திமூன்று மேனேஜரின் படுக்கை. அது எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியும். பெண்களுக்கு எப்படித் தெரியும்? எட்டுப் பேருக்குப் படுக்கை என்று எண்ணினார்கள். சார்ட் போடும்போது ஒன்று கூடுதலாக உறுதியாகியிருக்கும், அது சின்னவள் ஸ்நேஹாவுக்குப் போயிருக்கும் என்று அவர்களே முடிவு கட்டிக்கொண்டார்கள். அபூர்வா என் கழுத்தைக் கட்டிக்கொண்டு குதித்தாள், அந்த முழங்காலோடு. உடனே வீட்டுக்குப் போன் போட்டாள்.

"அப்பா, ஸுனோ நா, கேளேன்! நாளைக்கு நான்தான்! பக்கா!"

நான் பொன்னியைக் கதவோரம் இழுத்துக்கொண்டு போனேன். "என்ன காரியம் பண்ணி வெச்சிருக்கே? போய்ச் சொல்லு அவகிட்ட."

"அவ ஆடறான்னு நான் சொல்லலையே. படுத்துக்கன்னுதான சொன்னேன். அந்தக் காலை வெச்சுட்டு எப்படி உக்காருவா?" என்றாள். ஆனால் என் முகத்தைப் பார்க்கவில்லை.

"அப்போ நான் சொல்றேன்."

"வேண்டாம் டாக்டரு. ஒரு ராத்திரி நல்லாத் தூங்கட்டும்."

நானும் சொல்லவில்லை. அந்தக் குற்றத்தில் எனக்கும் பங்கு உண்டு. அன்று என் எதிரே பாதி சீட்டில் பந்துப் பை உட்கார்ந்து வந்தது. பொன்னி நடந்துகொண்டே இருந்தாள். ஒவ்வொரு நடைக்கும் முப்பத்திமூன்றின் அருகே வந்ததும் அடி மெதுவாகும். அபூர்வா வாயைத் திறந்துகொண்டு நன்றாகத் தூங்கினாள்.

காலையில் லாட்ஜில் அவல் போஹா தட்டை வைத்துக்கொண்டு நின்றபோது தோமர் பெயர்களைச் சொன்னார். செட்டர், ஸ்நேஹா. அபூர்வா அவரைப் பார்க்கவே இல்லை. நேராகப் பொன்னியைத்தான் பார்த்தாள். தட்டைக் கீழே வைத்தாள்.

"அக்கா, அப்பா டிரெயின்ல ஏறிட்டார். காலைல ஆறு மணி வண்டி" என்றாள்.

போன் செய்து அவரைப் பாதி வழியில் இறங்கச் சொல்லவா முடியும்? மாலையில் அபூர்வாவின் அப்பா கோபாலன் வந்து சேர்ந்தார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் மனைவி மங்களம் கட்டிக் கொடுத்த புளியோதரை டப்பா. மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து ஆட்டம் முழுக்கப் பார்த்தார். அபூர்வா பெஞ்சில் உட்கார்ந்து மற்றவர்களுக்குக் கை தட்டினாள். நான்கு செட்டில் ஜெயித்தோம். ஸ்நேஹா பிரமாதமாக ஆடினாள், அதையும் சொல்லத்தான் வேண்டும்.

ஆட்டம் முடிந்ததும் கோபாலன் எங்களிடம் வந்தார். "ஏம்மா, கடைசி நிமிஷத்துல கால் படுத்திடுத்தா? பக்கான்னு சொன்னாளே."

நான் வாயைத் திறப்பதற்குள் பொன்னி முன்னால் வந்தாள். "கால் நல்லாருக்குதுங்க. அவ பேரு லிஸ்டுல இல்லீங்க. நான்தானுங்க, என்ற பெர்த்தைக் கொடுத்து, அவளை நம்ப வெச்சுட்டேன். என்ற தப்புங்க."

கோபாலனுக்குப் பெர்த் விவகாரம் என்ன புரிந்ததோ தெரியாது. டப்பாவை அவள் கையில் கொடுத்தார். "எல்லாருமாச் சாப்பிடுங்கோ" என்று சொல்லிவிட்டு மகளைத் தேடிப் போனார். பொன்னி அந்த டப்பாவைத் திறக்கவில்லை. வெகுநேரம் மைதானத்தைச் சுற்றி வந்தாள்.

மறுநாள் சாயங்காலம் போபால் பிளாட்பாரத்தில் மறுபடி லிஸ்ட். பொன்னி வாசித்துக்கொண்டே வந்தவள், அபூர்வாவின் பெயர் வந்ததும் நின்றாள். "அபூர்வா..." என்று லிஸ்டை முகத்தருகே தூக்கினாள். "இருபத்தஞ்சு. கீழ் பெர்த்து."

"நான் வரும்போது படுத்துண்டு வந்தேனே" என்றாள் அபூர்வா. "ரூல்படி படிங்க அக்கா."

"கால் வலிக்கும் கண்ணு."

"ரூல்படி."

பொன்னி பேனாவை எடுத்து எதையோ அடித்தாள், எதையோ எழுதினாள். "அபூர்வா, ஆர்.ஏ.சி. பாதி சீட்டு" என்று வாசித்தாள். அடுத்த பெயரையும் அதே குரலில் வாசித்தாள். "பொன்னி, ஆர்.ஏ.சி. பாதி சீட்டு."

வண்டி கிளம்பியது. இரண்டு பேரும் எதிரெதிரே, முழங்கால் இடிக்க உட்கார்ந்தார்கள். நான் எதிர்ப் படுக்கையில் கிடந்தபடி பார்த்துக்கொண்டிருந்தேன். அபூர்வா ஜன்னலை விட்டுத் திரும்பவில்லை. பொன்னியின் கால் கட்டைவிரல் ஓயாமல் ஆடிக்கொண்டிருந்தது. எழுந்துவிடுவாள், இதோ எழுந்துவிடுவாள் என்று நினைத்தேன். விதிஷா போயிற்று. பீனாவில் வண்டி நின்றது, டீக்காரன் கூவிக்கொண்டு போனான். அவள் இறங்கவில்லை.

வண்டி நகர்ந்த பிறகுதான் அபூர்வா பேசினாள். "அடுத்த மேட்ச்சுக்கும் நீங்கதானே படிப்பீங்க?"

"நான்தான் கண்ணு."

"என்ன எழுதியிருக்கோ அதைப் படிங்க. உட்கார என்னால முடியும்."

சொல்லிவிட்டு வலிக்கிற காலை நீட்ட இடம் தேடினாள். இடம் இல்லை. பொன்னி தன் கால்களைச் சீட்டின் மேல் மடக்கிக்கொண்டு அவளுக்கு வழி விட்டாள். தில்லி வரும்வரை அப்படியே உட்கார்ந்திருந்தாள்.