செவ்வாயும் வெள்ளியும் கண்ணுக்குள் ஊசி

இருபது வருடங்களுக்கு முன் ஒரு கோடையில் எங்கள் தொழிற்சாலையில் பாதிப் பேருக்கு மெட்ராஸ் ஐ. சிங்கப்பெருமாள் கோவில் பக்கம், வண்டிகளுக்குப் பல்சக்கரம் செய்கிற இடம் அது. செய்து வரும் சக்கரங்களை அளந்து பார்க்கும் பிரிவில் எனக்கு வேலை. அதனால் என் வலது கண் சிவந்தபோது யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட. மருந்துக் கடையில் சொட்டு மருந்து வாங்கி, கறுப்புக் கண்ணாடி மாட்டிக்கொண்டு அனகாபுத்தூர் வீட்டில் படுத்துக்கிடந்தேன்.

மற்றவர்களுக்கெல்லாம் சரியாகிவிட்டது. எனக்குப் பீளை தள்ளவில்லை, இமை ஒட்டவில்லை. ஆனால் கண்ணுக்கு உள்ளே ஒரு வலி மட்டும் இருந்துகொண்டே இருந்தது. பிறகு கொசுக்கள் பறக்க ஆரம்பித்தன. கையை வீசினால் போகாத கொசுக்கள். வேலைக்குத் திரும்பிய அன்று மைக்ரோமீட்டரை எடுத்தால், அதன் கோடுகள் வலது கண்ணுக்கு மார்கழிப் பனிக்குள் நின்றன. வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன்.

“சொட்டு மருந்து விட்டது போதும். நாளைக்கு லீவு சொல்லுங்க, தாம்பரத்துல கண்ணாஸ்பத்திரிக்குப் போலாம்” என்றாள்.

மறுநாள் வெள்ளிக்கிழமையாக இருந்தது என் அதிர்ஷ்டம். விழித்திரை மருத்துவர் அந்த மருத்துவமனைக்குச் செவ்வாயும் வெள்ளியும்தான் வருவார். குள்ளமான, வேகமாகப் பேசுகிற பெண்மணி. தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு, என்னைப் படுக்கவைத்து, மேலே பார், கீழே பார் என்று வெகுநேரம் பார்த்தார்.

“சின்ன வயசுல அம்மை போட்டிருந்துதா சார்?”

“போட்டிருந்துது மேடம். அஞ்சாவது படிக்கிறப்ப.”

“அந்த வைரஸ் உடம்பை விட்டுப் போறதே இல்ல. நரம்புல தூங்கிட்டு இருக்கும். எப்பவோ ஒருத்தருக்கு முழிச்சுக்கும். உங்களுக்குக் கண்ணுக்குள்ள முழிச்சிருக்குன்னு நினைக்கிறேன். விழித்திரையை ஓரத்துலேர்ந்து அரிச்சுட்டு வருது.”

“நினைக்கிறேன்னா?” என்று கேட்டாள் என் மனைவி.

மருத்துவர் கோபப்படவில்லை. விளக்கைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார். “நிச்சயமா சொல்ல முடியாதும்மா. கண்ணுலேர்ந்து ஒரு துளி நீர் எடுத்து டெஸ்டுக்கு அனுப்பறேன். ஆனா ரிசல்ட் வர்ற வரைக்கும் காத்திருந்தா அது நடுப்பார்வையைத் தின்னுடும். அதனால இன்னைக்கே ஆரம்பிச்சுடலாம். கையில டிரிப்ஸ், கண்ணுக்குள்ள ஊசி.”

தெரியாததைத் தெரியாது என்று சொல்லிவிட்டு, அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்காராமலும் இருந்தார் அவர். அப்படி ஒருவரை நான் அதற்கு முன் பார்த்ததில்லை. ஆனால் இதெல்லாம் பிறகு யோசித்தது. அப்போது என் காதில் விழுந்தது ஒன்றுதான்: கண்ணுக்குள் ஊசி.

அறுவை அறைக்கு வெளியே நீல உடுப்பு மாட்டி ஒரு பெஞ்சில் உட்காரவைத்தார்கள். பக்கத்தில் அதே நீல உடுப்பில் ஓர் அக்கா இருந்தார். மெலிந்த உடம்பு, வெயிலில் கறுத்த கைகள். அவருடைய இடது கண் வெறுமனே எங்கேயோ நிலைகுத்தி நின்றது. வலது கண்ணால் என்னை நன்றாகப் பார்த்தார்.

“இன்னா சார், மொத தபாவா? மூஞ்சி வெளுத்துகினு கீது.”

“ஆமாக்கா. ரொம்ப வலிக்குமா?”

“அதெல்லாம் ஒண்ணுமில்ல. மரத்துப்போக மருந்து வுடுவாங்க. ஊசிய கண்ணுல பாக்கவே மாட்ட. அமுக்குற மாரி இருக்கும், அவ்ளோதான். அப்பாலிக்கா உள்ள புகை சுத்திகினு வரும் பாரு, அதுக்குப் பயந்து தலைய ஆட்டிறாத. அது மருந்து.”

அவர் சொன்னபடியேதான் நடந்தது. இமைகளை ஒரு கம்பி பிரித்துப் பிடித்துக்கொண்டது. “இடது தோளைப் பாருங்க, அசையாதீங்க” என்றார் மருத்துவர். ஓர் அழுத்தம். உடனே பார்வைக்குள் சாம்பிராணிப் புகைபோல ஒன்று சுருண்டு சுருண்டு பரவியது. பயந்தேன், ஆனால் தலையை ஆட்டவில்லை. அக்கா சொல்லியிருக்காவிட்டால் நிச்சயம் ஆட்டியிருப்பேன்.

அதன்பிறகு செவ்வாயும் வெள்ளியும் நாங்கள் அந்தப் பெஞ்சில் சந்தித்தோம். மருந்து ஒரு குப்பியில் பொடியாக வரும். கரைத்துவிட்டால் ஒரு கண்ணுக்கு அதில் ஒரு சொட்டுகூட முழுதாகத் தேவைப்படாது, மிச்சத்தை வைத்திருக்கவும் முடியாது. வீணாகக்கூடாது என்று மருத்துவர் எங்கள் எல்லோரையும் ஒரே நாளில் வரச்சொல்வார். அக்காவுக்குக் கோவளம் பக்கம் ஒரு மீனவர் குப்பம். விடியற்காலையில் கரையில் மீன் ஏலம் எடுத்து, தெருத்தெருவாக விற்று முடித்து, குளித்து, பஸ் பிடித்துத் தாம்பரம் வருவார். என் மனைவி அவருக்கும் சேர்த்து எலுமிச்சைச் சாதம் கட்டிக்கொண்டு வர ஆரம்பித்தாள்.

அப்படிச் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு நாள் அவர் தானாகவே சொன்னார். “என் வூட்டுக்காரரு போட்ல வேலைக்குனு ஊரூரா போனவரு. எய்ட்ஸ் வந்து பூட்டாரு. எனக்கும் கீது. உடம்புல தெம்பு பூட்டா இந்தக் கண்ணு வைரஸ் வருமாம். இந்தக் கண்ணு இருட்டிகினு வரசொல்ல, வயசாயிட்ச்சினு வுட்டுட்டேன். இப்டி ஒரு ஊசி கீதுன்னு அப்ப யாரும் சொல்லல.” வலது கண்ணைத் தொட்டுக் காட்டினார். “இத வுட மாட்டேன்.”

சொல்லிவிட்டு என் மனைவியின் முகத்தைப் பார்த்தார். என் மனைவி டப்பாவைத் திறந்து இன்னொரு கரண்டி சாதம் வைத்தாள். “எங்க குப்பத்துலயும் சொல்லிட்டேன் தங்கச்சி. மறைச்சிகினு எத்தினி நாளு ஓடறது? ரெண்டு பேரு என் கைல மீன் வாங்கறத நிறுத்திட்டாங்க. மத்தவங்க வாங்கறாங்க” என்றார், சாப்பிட்டுக்கொண்டே.

என் பரிசோதனை முடிவு வந்தது. மருத்துவர் நினைத்ததுதான் சரி. விழித்திரையை அரிப்பது நின்றது. மெலிந்துபோன ஓரம் கிழிந்துவிடாமலிருக்க லேசரால் வேலி கட்டினார். வலது கண்ணின் பக்கப்பார்வை கொஞ்சம் போனது போனதுதான், நடுப்பார்வை தங்கியது. மாத்திரைகளோடு வேலைக்குத் திரும்பினேன். மைக்ரோமீட்டரின் கோடுகள் முன்போல அத்தனை கூர்மையாக இல்லை, ஆனாலும் படிக்க முடிந்தது.

அக்காவுக்கு அப்படிச் சீக்கிரம் முடிந்துவிடவில்லை. அவருக்கு உடம்பில் எதிர்ப்புச் சக்தி இல்லாததால் ஊசியை நிறுத்தினால் வைரஸ் திரும்ப வந்துவிடும். வாரம் ஒரு முறை, மாதக்கணக்கில் போட்டுக்கொண்டார். அதற்குள் அரசு மருத்துவமனையில் எய்ட்ஸுக்கான மாத்திரைகளை இலவசமாகக் கொடுக்க ஆரம்பித்திருந்தார்கள். மழையானாலும், குப்பத்தில் திருவிழாவானாலும் அவர் ஒரு வேளை மாத்திரை தவறியதில்லை, ஒரு வெள்ளிக்கிழமை ஊசி தவறியதில்லை. கொஞ்சம் கொஞ்சமாகக் கன்னத்தில் சதை பிடித்தது.

நான் கண்ணைக் காட்டப் போயிருந்த ஒரு வெள்ளிக்கிழமை, மருத்துவர் அக்காவின் ரத்தப் பரிசோதனைத் தாளோடு வெளியே வந்தார். “உடம்பே வைரஸைப் பார்த்துக்குற அளவுக்குத் தெம்பு வந்துடுச்சும்மா. இனிமே கண்ணுல ஊசி வேண்டாம்.”

அக்கா எழுந்திருக்கவில்லை. “நிறுத்திட்டா திரும்ப வந்துடாதா டாக்டரம்மா?”

“வராதுன்னுதான் நம்பறேன். ஆனா மாசாமாசம் வந்து காட்டணும். வந்துச்சுன்னா அன்னைக்கே போட்டுடுவேன்.”

“அப்ப இன்னைக்கு ஒண்ணு மட்டும் போட்டு அனுப்பேன்.”

மருத்துவர் சிரித்துவிட்டார். பிறகு அவர் பக்கத்தில் பெஞ்சிலேயே உட்கார்ந்து, அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டு, எல்லாவற்றையும் முதலிலிருந்து சொன்னார். உள்ளே எத்தனை பேர் காத்திருந்தார்களோ தெரியாது. அக்காவுக்குச் சந்தேகம் தீரும் வரை அவர் எழவில்லை.

வைரஸ் திரும்ப வரவில்லை. அடுத்த வருடம் ஒரு நாள் நான் போனபோது, அக்கா அதே பெஞ்சில் வேறொரு பெண்ணோடு உட்கார்ந்திருந்தார். அந்தப் பெண் முந்தானையால் முகத்தை மூடியிருந்தாள். பக்கத்துக் குப்பத்துக்காரி, அதே நோய். கண்ணில் புள்ளி தெரிகிறது என்று யாரிடமோ சொன்னது அக்காவின் காதுக்கு எட்டியிருக்கிறது. வர மாட்டேன் என்றவளை வீட்டுக்கே போய் பஸ் ஏற்றி அழைத்து வந்திருந்தார்.

உள்ளே போய் வெளியே வந்தபோது அந்தப் பெண்ணின் முகத்தில் முந்தானை இல்லை. “ஓரத்துலதான் கீதாம் சார். சீக்கிரமா வந்துட்டீங்கன்னு டாக்டரம்மா சொல்லிச்சு” என்றார் அக்கா என்னிடம். பிறகு அவளை நீல உடுப்பு மாட்ட அழைத்துக்கொண்டு போனார்.