ஓரத்தில் தேயாத ராக்கெட்

மலேசியாவின் கூலாயில் டென்னிஸ் ராக்கெட்டுக்கு ஸ்ட்ரிங் கட்டித் தரும் ஒருவர் இருந்தார். ஒல்லியான மனிதர், மூக்கு நுனிக்கு இறங்கிய கண்ணாடி. பழைய ஸ்ட்ரிங்கை வெட்டுவதற்கு முன் கண்ணை மூடிக்கொண்டு, அதை முழுவதும் ஒரு முறை விரலால் தடவிப் பார்ப்பார்.

"அண்ணே, உலக டென்னிஸ்ல மூணே பேரு வருஷக்கணக்கா எல்லா கப்பையும் அள்ளினாங்களே, அந்தக் காலம் மாதிரி வருமா? இப்போ ஜெயிக்கிறவங்களுக்குப் போட்டியே இல்ல லா," என்றேன் ஒருநாள். பக்கத்து ஊரான செனாயில் எங்கள் தொழிற்சாலை டென்னிஸில் மூன்று வருஷமாக நான்தான் சாம்பியன் என்பதையும் சொல்லிவைத்தேன்.

அவர் என் ராக்கெட்டைத் தடவி முடித்தார்.

"கப்ப எண்ணினா எந்தக் காலம் பெருசுன்னு தெரியாது தம்பி. எதிர்ல நின்னவன் எப்படி ஓட வச்சான்னு பாக்கணும். அந்த மூணு பேரும் ஒருத்தர ஒருத்தர் ஓட வச்சாங்க. ஓடிப்போய் எட்டி அடிச்சா பந்து ஓரத்துல படும். உங்க ஸ்ட்ரிங் நடுவுல மட்டும்தான் தேஞ்சிருக்கு. உங்கள யாருமே ஓட வைக்கல லா."

எனக்குச் சுருக்கென்றது. இனி வேறு கடைக்குத்தான் என்று முடிவுகூடச் செய்தேன்.

இந்த வருஷம் பேக்கிங் பிரிவில் புதிதாகச் சேர்ந்த ஒருவன் அரையிறுதியில் என்னை மூலைக்கு மூலை விரட்டித் தோற்கடித்தான். அதன்பிறகு வாராவாரம் அவனோடுதான் ஆடினேன், வாராவாரம் தோற்றேன். கடைசியில் ஸ்ட்ரிங் அறுந்தபோது ராக்கெட்டை அவரிடமே கொண்டுபோய் நீட்டினேன்.

கண்ணை மூடித் தடவினார். விரல் ஓரத்தில் போய் நின்றது. முதல் தடவையாகச் சிரித்தார்.

அந்தச் சிரிப்பு எனக்கா, என்னை ஓட வைத்தவனுக்கா என்பது இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை.