நாப்பிப் பானை

போன வாரம் புதுவாயல் கூட்டுரோட்டில் ஒரு தள்ளுவண்டி. 'பர்மா அத்தோ' என்று சிவப்பில் எழுதியிருந்தது. ஷிப்ட் முடிந்த கம்பெனிப் பையன்கள் அந்த பர்மா நூடுல்ஸுக்கு முண்டியடித்துக்கொண்டு நின்றார்கள். எனக்கோ பற்றிக்கொண்டு வந்தது. இந்த மவுசெல்லாம் அறுபதுகளில் எங்கே போயிருந்ததாம்?

ரங்கூனிலிருந்து கப்பலேறி வந்தபோது எனக்குப் பத்து வயது. கும்மிடிப்பூண்டிப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் அப்பாவுக்கு வேலை, ஒரு நெல்லுக்காரர் வீட்டுப் பின்கட்டில் ஒற்றை அறை. 'சொந்த நாடு, சொந்த நாடு' என்று அப்பா கப்பல் முழுக்கச் சொல்லிக்கொண்டு வந்தார். அங்கே நாங்கள் இந்தியாக்காரர்கள். வந்து இறங்கினால் இங்கே பர்மாக்காரர்கள். என்ன செய்ய?

அம்மாவுக்கு நாப்பி, அதுதான் பர்மாக்காரர்களின் இறால் விழுது, இல்லாமல் சோறு இறங்காது. பழவேற்காட்டு மீன்காரம்மாவிடம் கூனி இறால் வாங்கி, உப்பிட்டு இடித்து, வெயிலில் வைத்து, பானையில் அடைத்து வாயைக் கட்டினாள். மூன்று மாதம் ஊற வேண்டும். கருவாடு தின்கிற ஊர்தானே, மூக்கைச் சுளிக்கமாட்டார்கள் என்று நினைத்துவிட்டாள், பாவம்.

வீட்டுக்காரம்மா வந்து நின்றார். "இன்னாம்மா, உங்கூட்ல எலி கிலி செத்துப்போச்சா? இப்பிடி நாறிக்கினு இருந்தா ஊட்ட காலி பண்ணிடுங்க."

"இன்னும் பத்து நாள்தாங்க, வாடை அடங்கிடும்" என்று அம்மா கெஞ்சினாள்.

பள்ளிக்கூடத்தில் ஏற்கெனவே என் பக்கத்தில் யாரும் உட்காருவதில்லை. இதில் அறையும் போய்விட்டால்? குடும்பத்தைக் காப்பாற்றும் வீராங்கனை நான்தான் என்று நினைப்பு. அம்மா கிணற்றடிக்குப் போன நேரத்தில் பானையைத் தூக்கிப்போய் ஏரியில் போட்டுவிட்டேன்.

"பானையும் போச்சா?" என்று மட்டும் கேட்டாள் அம்மா. அடித்திருந்தால் தேவலை.

நாலாம் நாள் வீட்டுக்காரம்மா மறுபடி வந்தார், கையில் கிண்ணத்தோடு. "எம்பொண்ணு மசக்கையாக் கீறா. எத்தத் துன்னாலும் வாந்தி. உங்கூட்ல நாறிக்கினு இருந்திச்சே, அதுதான் வேணும்னு அடம் புடிக்கிறா. கொஞ்சம் குடேன்."

அம்மா என்னைப் பார்க்கவேயில்லை. "தீந்துபோச்சுங்க" என்றாள். அதன்பிறகு அவள் நாப்பி போடவே இல்லை.

போன வாரம் அந்த அத்தோ வண்டிக்காரரிடம் நாப்பி இருக்கிறதா என்று கேட்டேன். "அத்தப் போட்டா எவம்மா துன்னுவான்?" என்று சிரித்தார்.

அந்த வீடு இருந்த இடத்தில் இப்போது கம்பெனிக் குடோன். அம்மாவும் இல்லை. இந்த ஊரில் எங்கள் சாப்பாட்டைக் கேட்டு வந்த முதல் கிண்ணம் அது. அதை வெறுங்கிண்ணமாகத் திருப்பி அனுப்பியது ஊர் இல்லை, நான்.